பெரு அன்ரியின் ‘டேர்ன் டவுன்’

எனக்குப் பத்து வயதானபோது ஒரு மாணவி கிடைத்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு.

அம்மாவோடு ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தவர் அவர். பெரு நாட்டுக்காரர், தாய்மொழி ஸ்பானிஷ். நான் பெரு அன்ரி என்பேன். அவரும் அம்மாவும் உடைந்த நோர்வேஜிய மொழியில் கதைத்துச் சிரிப்பார்கள். ஹோட்டலின் வேலைத்தாள் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

ஒரு மாரிகால மாலை அந்தத் தாளில் ஓர் அறைக்கு நேரே ‘டேர்ன் டவுன்’ என்று இருந்தது. கட்டில் விரிப்பின் ஓரத்தை மடித்து, விருந்தாளி படுக்கத் தயாராக வைக்கவேண்டும் என்பது பொருள். அன்ரி கைபேசியிடம் கேட்டார். அது ‘குறை’ என்றது. குறைப்பதற்கு அந்த அறையில் ஹீட்டர்தான் இருந்தது. குறைத்துவிட்டு வந்தார். விருந்தாளி நடுங்கிக்கொண்டு வந்து முறையிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அன்ரி மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். “உனக்குத்தானே இங்கிலிஷ் வரும். அன்ரிக்கு வடிவாச் சொல்லிக்குடு” என்றார் அம்மா.

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக் காட்டினேன். கட்டில் விரிப்பை மடித்துக் காட்டினேன். அம்மா நீட்டிய வடையை வேண்டாமென்று தள்ளிக் காட்டினேன். மூன்றும் டேர்ன் டவுன். அன்ரி தலையில் கை வைத்தார். ஸ்பானிஷில் பஹார், அப்ரீர், ரெச்சசார் என்று மூன்று வேறு சொற்களாம். கட்டிலை அவர்கள் ‘திறப்பார்களாம்’. ‘அதை’ என்று சொல்ல ‘இட்’டை நடுவில் செருகவேண்டும் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அவருடைய மொழியில் அது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘டேர்ன் டவுன் இட்’ என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் விடவில்லை.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் விரிப்புகள் அடுக்கும் அறையில் இருத்தினார். அன்ரியும் அங்கே இருந்தார். பொறுப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளோடு வந்தார். அன்ரி கையெழுத்திட வேண்டும், அதன் கீழே அம்மா சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், வெறும் சம்பிரதாயம் என்றார். கைபேசியை இனியும் நம்ப அன்ரி தயாராக இல்லை. தாளை என்னிடம் நீட்டினார். பிள்ளைக்கு இதில் வேலையில்லை என்றார் பொறுப்பாளர். அதற்குள் நான் வாசித்துவிட்டேன். அன்ரி வேண்டுமென்றே ஹீட்டரைக் குறைத்தாராம். மாலை வேலை தனக்கு இனி வேண்டாமென்று அவரே கேட்டுக்கொள்கிறாராம். நோர்வேஜிய மொழியில் உரக்கச் சொன்னேன்.

அன்ரி எழுந்து நின்றார். பொறுப்பாளரை நேரே பார்த்தார்.

“ஐ டேர்ன் இட் டவுன்.”

என் நெஞ்சு துள்ளியது. ‘இட்’ சரியாக நடுவில் விழுந்திருந்தது.

பொறுப்பாளர் பேனாவை அம்மாவிடம் நீட்டினார். எவருக்கும் எதற்கும் ஓம் சொல்கிற அம்மா அதை வாங்கி, மூடி, மேசையில் வைத்தார்.

ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று ரயிலில் கேட்டேன்.

“அவ வேணுமெண்டு செய்யேல்லை. பொய்க்கு நான் சாட்சியோ?”

பிறகு தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். அந்தத் தாள் காணாமற்போனது, இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு கிழமை அம்மாவை ஹோட்டலிலிருந்து ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைத் திறக்க அம்மா நின்றார். சுடச்சுட ரொட்டி இருந்தது. சீட்டு விளையாடும்போதும் கைபேசியை மடியிலேயே வைத்திருந்தார்.

அம்மா எனக்காக லீவு எடுத்திருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.