கண்ணாடி அறைக்குத் தண்ணீர்

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி கொழும்புக்குப் புறப்பட்ட அன்று கண்ணாடி அறையில் பதினொரு செடிச் சட்டிகள் இருந்தன. விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.

"பதினொண்ணு. நான் வர்றது மூணு வாரம். அப்பவும் பதினொண்ணு. ஒண்ணு செத்தா நீ மலைக்கு போ."

மலை என்றால் தேயிலை மலை, கொழுந்தெடுக்கும் வேலை. அந்த வேலைக்கு நான் பயந்தவளில்லை. பத்து வயதிலிருந்து கூடை சுமந்தவள். அங்கே வேலை வாங்க நின்ற கங்காணிக்குத்தான் பயந்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கங்காணி எனக்குக் கொழுந்தெடுக்கக் காட்டுகிற நிரை எப்போதும் ஓடையோரத்து நிரையாகவே இருந்தது. மற்றப் பெண்களின் கண்ணுக்கு எட்டாத இடம். அதற்கு மேல் எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பங்களாவில் செடி பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று துரைசாணி ஒருநாள் காலை பெரட்டுக்கே வந்து நின்றார். ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கிற அந்தக் களத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். நான் மட்டும் குனிந்தபடியே ஓரடி முன்னால் வந்தேன். என் ஆயுசில் நான் செய்த துணிச்சல் அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

துரையும் துரைசாணியும் வண்டி கட்டிப் பண்டாரவளைக்குப் போய் ரயில் ஏறினார்கள். பங்களாவில் நானும் சமையல்காரக் கோக்கியும் மட்டும். ஐந்தாம் நாள் கீழ்க்கணக்கிலிருந்து ஆள் வந்தது. கீழ்க்கணக்கு எங்கள் தோட்டத்தின் அடிவாரப் பிரிவு. ஆறு மைல் இறக்கம். அங்கே லயத்து வீட்டில் என் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். அம்மா இல்லை. "நாள் கிட்டிருச்சு, அக்காவ வரச் சொல்லு" என்று அனுப்பியிருந்தாள்.

நான் கோக்கியிடம் போய் நின்றேன். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், அறுபது வயது, வாய் ஓயாதவர்.

"நாலு நாளைக்கு நீங்க அந்தச் சட்டிகளுக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"நானா? போன வருஷம் அரிசி கழுவின தண்ணிய ஊத்தி எறும்பு ஏறினப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'கோக்கி, இந்த ரூமுக்குள்ள உன் காலு வந்தா காலு இருக்காது'ன்னாங்க. எனக்கு ரெண்டு காலும் வேணும் தாயி."

"அப்ப நான் என்ன பண்றது?"

"செடிகிட்ட சொல்லிட்டுப் போ. நாலு நாளைக்கு வாயக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு."

அன்று அந்தியில் விளக்குக்கு எண்ணெய் விட்டுத் திரியை ஏற்றும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அடியில் கிடக்கிற எண்ணெயைத் திரி தானாக மேலே இழுக்கிறது. எண்ணெயை இழுக்கிறது தண்ணீரை இழுக்காதா? சந்தோஷத்தைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. இது பிசகிப் போனால்?

மறுநாள் காலியான மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்து, வாயை வெட்டித் திறந்து, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் வாடை போகவில்லை. வெந்நீர் ஊற்றி இரண்டு தடவை கொதிக்கவைத்த பிறகுதான் போனது. திரிக்குத் துணி வேண்டும். பெட்டியில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன வேட்டி ஒன்று இருந்தது. உயிரோடு இருக்கிறவர் வேட்டியைக் கிழிக்கலாமா என்று மடித்து உள்ளே வைத்தேன், திரும்ப எடுத்தேன். வேறு வெள்ளைத் துணி என்னிடம் இல்லை. கிழித்தேன்.

தகரத்தை ஒரு பலகைப் பெட்டியின்மேல் உயரத்தில் வைத்துச் சட்டிகளைச் சுற்றிலும் தரையில் அடுக்கினேன். திரியின் ஒரு நுனி தகரத்துத் தண்ணீருக்குள், மறு நுனி சட்டி மண்ணுக்குள். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. காய்ந்த துணி தண்ணீரை விளிம்புக்கு மேலே ஏற்றவில்லை. முழுத்திரியையும் நனைத்துப் போட்டதும் இறங்கியது. அது தடித்த திரி. சாயங்காலத்துக்குள் பாதித் தகரம் காலி, தரையெல்லாம் வெள்ளம். மெழுகு தேய்த்த பலகைத் தரை அது. முழங்காலிட்டு என் முந்தானையாலேயே துடைத்தேன். பிறகு துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, இறுக முறுக்கிப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. அது போதும் என்று தோன்றியது. பதினொரு திரி முறுக்கி முடித்தபோது விரல் நுனியெல்லாம் எரிந்தது.

தகரத்தை நிரப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். ஆறு மைலும் காதுக்குள் சொட்டுச் சத்தம்தான்.

தங்கச்சி ஒன்றரை நாள் துடித்தாள். மருத்துவச்சி தாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பிள்ளையை என் கையில்தான் வாங்கினேன். பெண் குழந்தை, குரல் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் நான் புறப்படும்போது மருத்துவச்சி சொன்னாள்:

"பிள்ள வாங்குன கை. பதினாறு நா செடி கொடிய தொட்டுராத. தீட்டுப் பட்டா கருகிப்போகும்."

எனக்கு அது தெரியாததல்ல. வெற்றிலைக் கொடி, முருங்கைக் கன்று, எதற்கும் எங்கள் பெண்கள் அப்படித்தான் விலகி நிற்பார்கள். ஆனால் தங்கச்சியின் வலியில் அந்த நினைப்பே வரவில்லை. இப்போது அந்த ஏற்றத்தின் நடுவில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். தீட்டுக் கழிவதற்கு முன்னால் துரைசாணி வந்துவிடுவார். அதுவரை தொட்டால் கருகும், தொடாவிட்டால் காயும்.

பங்களாவுக்கு வந்து வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பதினொன்றும் பச்சையாக இருந்தன. தகரத்தில் அடித்தண்ணீர்தான் மிச்சம். கோக்கியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எங்களுக்கு அந்தத் தீட்டெல்லாம் இல்ல" என்றார்.

"அப்ப உள்ள போய் ஊத்துங்களேன்."

"தீட்டு இல்லன்னுதான் சொன்னேன். காலு வேணாம்னு சொல்லலயே."

ஒரு சன்னலின் மூலைக் கண்ணாடி முன்பே உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. அட்டையை எடுத்துவிட்டு, பிளந்த மூங்கில் ஒன்றை அதன் வழியாகத் தகரத்தின் வாய்வரை நீட்டச் சொன்னேன். உள்ளே காலை வைக்காமல் வெளியே நின்று ஊற்றுவதற்குக் கோக்கி ஒத்துக்கொண்டார். நான் மூங்கிலைக்கூடத் தொடாமல் தள்ளி நின்று சொல்லுவேன், அவர் வாளியைச் சாய்ப்பார்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"எம்பொண்டாட்டிகூட இவ்வளவு அதிகாரம் பண்ணல."

"மெதுவா ஊத்துங்க, வழியுது."

மூங்கில் ஒழுகியது. ஒழுகின தண்ணீர் அதற்கு நேர் கீழே இருந்த சட்டியில் விழுந்தது. அதில் இருந்தது துரைசாணி தன் தாய் வீட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த செடி; கறுத்த, மயிர் போன்ற தண்டும் காசளவு இலையுமாக இருக்கும். பூக்காது. அதற்குத்தான் அவர் தினமும் முகம் கொடுத்துப் பேசுவார். தண்ணீர்தானே விழுகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஊற்றத் தொடங்கிய நாலாம் நாள் கோக்கி வேகமாகச் சாய்த்ததில் அந்தச் சட்டியின் திரி வெளியே வந்து விழுந்துவிட்டது. அன்று முழுவதும் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, சட்டிக்குப் போகவில்லை. மறுநாள் பொறுக்க முடியவில்லை. கையை மூன்று தரம் கழுவி, முந்தானையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். திரியை எடுத்து மண்ணில் சொருகும்போது முந்தானை நழுவி, புறங்கை இலையில் பட்டது. பட்டது எனக்கு நன்றாகத் தெரியும். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

தொட்ட மூன்றாம் நாள் அந்தச் செடி மஞ்சளித்தது. ஐந்தாம் நாள் தண்டெல்லாம் படுத்துவிட்டது. மற்ற பத்தும் செழித்து நின்றன. நான் தொட்டது ஒன்று, போனதும் அந்த ஒன்று. கோக்கியிடம்கூடச் சொல்லவில்லை. பங்களாவுக்குப் பால் கொண்டுவருகிறவன் ஒருநாள், "கங்காணி ஒன்னப் பத்தி விசாரிச்சாரு. துரைசாணி எப்ப வருதாம்னு கேட்டாரு" என்றான். அதற்குப் பிறகு பின்கதவைத் தாழ்போட்டே வைத்தேன்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே வண்டி வந்து நின்றது. துரைசாணி தொப்பியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி அறைக்குப் போனார். நான் வாசலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றேன். தகரத்தையும் திரிகளையும் பார்த்தார். குனிந்து ஒரு திரியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யார் செஞ்சது? கோக்கியா?"

"ஐயோ, நான் இல்லீங்க. இந்தப் புள்ளதாங்க" என்று கோக்கி என்னைக் காட்டிவிட்டார்.

துரைசாணி சிரித்தார். துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். என் பயம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அவர் சொன்னார்:

"ரொம்ப நல்ல வேலை. இனி செடிக்கு ஆள் வேணாம். கோக்கி தகரம் நிரப்பும். நீ நாளைக்குப் பெரட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. செடி செத்ததற்காகத்தான் மலைக்கு அனுப்புவார் என்று பயந்திருந்தேன். செடிகள் பிழைத்ததற்காக அனுப்புகிறார். கோக்கி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். விடிந்தால் கங்காணி என் பேரைக் கூப்பிட்டு ஓடைப் பக்கம் கையைக் காட்டுவான்.

அப்போது துரைசாணி மூலைக்குப் போய் நின்றுவிட்டார். "இது என்ன? இது ஏன் செத்துச்சு?"

அவரிடம் 'சரிங்க' என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. அன்று பேசினேன். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"தண்ணி கூடிப்போச்சுங்க. திரி பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும், அதுக்குப் போதும்னு தெரியாதுங்க. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு திரி வைக்கணும். பாசி புடிச்சா கழுவணும். வெயிலுக்கும் மழைக்கும் மாத்தணும். ஆளு இல்லாட்டி பதினொண்ணும் இப்படித்தாங்க போகும்."

எனக்குத் தெரிந்த காரணம் என் கை. அதை விழுங்கிவிட்டு, திரியின்மேல் பழியைப் போட்டேன். துரைசாணி சட்டியைக் கவிழ்த்து மண்கட்டியைத் தட்டி எடுத்தார். வேரெல்லாம் கறுத்துக் கூழாகி நாறியது. மூக்கை மூடிக்கொண்டு அதையே பார்த்தார். தாய் வீட்டுச் செடி. கண் கலங்கினாரோ என்னவோ, எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ சொல்றது சரி. தண்ணி கூட" என்றார். பிறகு, "நீ இரு."

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தீட்டுக் கையால் ஒன்றைக் கருக்கிவிட்டு, அதை மறைத்துப் பொய் சொல்லி இருக்கிறேன். இது யார் தலையில் விடியும்? நான் கையில் வாங்கின பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த மழையில் அதற்குக் காய்ச்சல் என்றதும் அழுதுகொண்டே கீழ்க்கணக்குக்கு ஓடினேன். தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏங்க்கா, ஒன் கை பட்டா கருகும்னா மொதல்ல இவதானே கருகியிருக்கணும்? ஒன் கையிலதானே வந்து விழுந்தா?"

"வாய மூடு" என்றேன். அந்தப் பேச்சே அபசகுனமாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குகிறவரை இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் கூடினால் வேர் அழுகும் என்பது பல வருஷம் கழித்து, என் சொந்த வாசலில் இரண்டு செடி வைத்தபோது நானே கண்டது. நான் பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் தூங்கியிருப்பேன்.

கங்காணி வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறவரை ஒன்றே கால் வருஷம் கண்ணாடி அறையில் இருந்தேன். திரியை வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். நான் தினமும் கழுவினேன். நன்றாக இருக்கிற திரியையும் எடுத்துப் புதிதாக முறுக்குவேன். விடியற்காலை கீழே பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்கும்போது துரைசாணி கதவைத் திறந்தால், என் கை ஈரமாக இருப்பதை அவர் பார்க்க வேண்டும்.