முழங்காலளவுக் கடலில் ஒரு கலியாணப் பேச்சு

மகள் லண்டனில் வேலை செய்கிறாள் என்றுதான் நாங்கள் வசிக்கும் டுசல்டோர்ஃபில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். அவள் இருந்த கடற்கரை ஊருக்கு லண்டனிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறிப் போகவேண்டும் என்பதை யாரும் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

பக்கத்து நகரமான டோர்ட்முண்டிலிருந்து அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர், சாதகமும் பொருந்தியது. "யோசிச்சுச் சொல்றன்" என்றவள், பிறகு நாங்கள் அழைத்தால் போனையே எடுப்பதில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று நானும் கணவரும் நவம்பரில் புறப்பட்டோம்.

கோடையில் அந்த ஊர் அழகாக இருக்குமாம். நாங்கள் கண்டபோது ராட்டினத்துக் குதிரைகளைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஐஸ்கிறீம் கடைகளுக்குப் பூட்டு. வயதான தம்பதிகள் கடலைப் பார்க்கக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளேயே இருந்து தேநீர் குடித்தார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பதும் இதுவும் ஒன்றுதான். இங்கே அலைவரிசையை மாற்ற முடியாது, அவ்வளவுதான். விடுதிக்காரி எங்களுக்குக் கடல் தெரியும் அறை தந்தாள். கடல் தெரிந்தது. யன்னல் இடுக்கால் உள்ளேயும் வந்தது.

மறுநாள் காலை மகளின் வீட்டுக் கதவைத் தட்டினோம். கூட இருக்கும் பெண், அவள் கடற்கரைக்குப் போய்விட்டாள் என்றாள். இந்தக் குளிரில் அங்கே என்ன வேலை என்று நினைத்தபடி போனோம். தூரத்தில் மகள் தெரிந்தாள். மேலங்கியைக் கழற்றி மணலில் போட்டாள். சாம்பல் நிறத் தண்ணீருக்குள், திரும்பிப் பார்க்காமல், நேரே நடந்தாள்.

நாங்கள் பிறந்த ஊரில் அப்படிக் கடலுக்குள் நடந்து போனவர்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நான் ஓடினேன். சப்பாத்து, கோட்டு, கைப்பை எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் இறங்கினேன்.

"பிள்ளை, வேண்டாமடி! அந்தப் பெடியன் வேண்டாம்! இனி ஒரு பெடியனும் வேண்டாம்! நாங்கள் கேக்கவே மாட்டம், வெளியில வா!"

அவள் திரும்பினாள். அதே நேரம் கடலுக்குள் நீண்டிருந்த கல்லணைக்குப் பின்னாலிருந்து கம்பளித் தொப்பி போட்ட தலைகள் மிதந்து வந்தன. எல்லாம் ஓய்வூதியம் எடுக்கும் வயதுப் பெண்கள். ஒருத்தி எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு நீந்திப் போனாள்.

"அம்மா, ஏன் சப்பாத்தோட இறங்கினனீங்கள்?"

"நீ ஏனடி இறங்கினனீ?"

"நீந்த. நாங்கள் ஒவ்வொரு நாளும் நீந்திறனாங்கள்."

"நவம்பரிலயோ? விசருகளோ நீங்கள்?"

"அதை விடுங்கோ. இப்ப சொன்னதை அப்பாவுக்கும் சொல்லுங்கோ."

கரையில் ஒரு சொட்டு நனையாமல் நின்ற கணவர், "எனக்குக் கேட்டது. காருக்குள்ள இருக்கிற கிழவனுக்கும் கேட்டிருக்கும்" என்றார்.

"அது பயத்தில சொன்னது" என்றேன். பல்லோடு பல் அடித்தது.

"பயத்தில சொன்னாலும் சொன்னதுதான்" என்றாள் மகள். பிறகு என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். "போன் எடுத்தால் 'ஓம் எண்டு சொல்லு' எண்டுதானே தொடங்குவீங்கள். வேற என்ன செய்யிறது?"

டுசல்டோர்ஃப் திரும்பியதும் மாப்பிள்ளையின் தாயை அழைத்தேன். "பிள்ளைக்கு விருப்பமில்லை" என்றேன்.

"அதெல்லாம் ஒரு காரணமோ அக்கா?"

போன மாதமென்றால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். "ஓம், அதுதான் காரணம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மகள் இப்போது ஒவ்வொரு நாள் காலையும் அழைக்கிறாள். "இறங்கப் போறன் அம்மா" என்பாள். வெளியே வந்ததும் மறுபடி அழைப்பாள். இரண்டு அழைப்புக்கும் இடையில் நான் எந்த வேலைக்கும் உதவாமல் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன்.