இரண்டு இடது மட்கார்டுகள்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. டிங்கர் வேலை. இடித்துக்கொண்டு வருகிற கார், வேன், மினி லாரி எதுவானாலும் நசுங்கிய தகரத்தைத் தட்டி எடுத்து, துரு தின்ற இடத்தில் ஒட்டுப் போட்டு, பெயிண்டுக்கு அனுப்பிவைப்பேன். சில வருடங்களுக்கு முன்பு, துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். பழைய காரின் கூரையை அறுத்து, மூக்கை நீட்டி, ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தார்கள். ஹாட் ராட் என்று பெயராம். "என் ஜீப்புக்கு இது மாதிரி ஒரு மூஞ்சி செஞ்சு தர முடியுமாண்ணே?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து, கழித்துக்கட்டிய வண்டிகளின் உறுப்புகளை வாங்கி வந்து ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தகரத்தை நாலு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

என் தங்கச்சிக்குக் கொரோனா காலத்தில் கல்யாணம் நடந்தது. மேளம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. மாலையும் மாஸ்க்குமாகப் பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற ஒரே ஒரு போட்டோதான் மிச்சம். அடுத்த வருடமே அந்தப் பையன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். நல்ல பிள்ளை. தங்கச்சி எங்கள் அம்மாவோடு வந்து இருந்துகொண்டு, வீட்டு வாசலில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். அப்புறம் வயரிங் வேலை பார்க்கிற ஒருவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நேராக வந்து கேட்டார். அவளுக்கும் பிடித்திருந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். நகை கேட்பாள், புடவை கேட்பாள் என்று நினைத்தேன்.

"தொறந்த கார்ல, மேளத்தோட, நம்ம தெருவுல போகணும்ணே. போன தடவ அதுகூட இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன், ஒளிஞ்சு ஒளிஞ்சு கல்யாணம் பண்றதுக்கு?" என்றாள்.

அவள் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. விஷயம் தாய்மாமன் காதுக்குப் போனது. அம்மாவின் தம்பி, அடுத்த தெருக்காரர், எங்கள் வகையறாவில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் மாப்ள, ரெண்டாங்கல்யாணத்துக்கு எவனாச்சும் ஊர்வலம் விடுவானா? கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிட்டு, சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. நாலு பேரு சிரிக்கப் போறான்."

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான் மாமா. நமக்கென்ன?"

"அப்ப நான் வர மாட்டேன். அம்புட்டுத்தான்."

மாமா போன பிறகு அம்மா, "அவன் சொல்றதக் கேட்டுட்டுத்தான் போயேன்டா" என்றாள். நாங்கள் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். "ஆத்தா, நீ சும்மா இரு" என்று நானும் கத்தினேன். டவுனில் ஊர்வலத்துக்குத் திறந்த கார் வாடகைக்கு விடுகிறவர் மாமாவுக்குச் சொந்தம். முதல் நாள் சரி என்றவர், மறுநாள் வண்டி ரிப்பேர் என்றார். டிங்கர்கிட்டயே ரிப்பேர் என்று கதை விடுகிறார்! என்ன ரிப்பேர், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். அப்போதுதான் முடிவு செய்தேன். என் தங்கச்சி போகிற காரை நானே செய்வேன்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு அம்பாசடர் பல வருடமாகக் கிடந்தது. முன்பக்கம் சப்பளிந்து, கூரை மழையில் அரித்துச் சல்லடையாகிப் போனது. மற்றபடி அடிச்சட்டம் கல்லு மாதிரி இருந்தது. கூரையை எடுத்தால் உடம்பு தொய்ந்துவிடும், கதவு சாத்தாது. அதனால் முதலில் அடியில் குறுக்குக் கம்பிகள் வைத்து வெல்டு அடித்துக்கொண்டு, அப்புறம்தான் கூரையை அறுத்தேன். உடைத்துப் போட்ட டவுன் பஸ் ஒன்றின் ஜன்னல் கம்பிகளைச் செங்குத்தாக வரிசைகட்டி முன்பக்கத்துக்கு வைத்தேன். பழைய ஜீப்பின் பானட்டை நடுவில் வெட்டி, லாரிக் கதவுத் தகரத்தால் ஒட்டுக் கொடுத்து நீட்டினேன். இன்ஜின் எனக்குத் தெரியாத சங்கதி, பக்கத்துப் பட்டறை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். இந்த வண்டியை மெயின் ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. விடமாட்டார், நானும் கேட்கப் போவதில்லை. ஊருக்குள் ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு தரம் போனால் போதும்.

முன் சக்கரத்தை மூடி ஹெட்லைட்டையும் தாங்குகிற மட்கார்டு இரண்டும் உதவாமல் போயிருந்தன. விராலிமலைப் பக்கம் ஹைவேயில் காயலாங்கடைகள் உண்டு, விபத்தில் சிக்கிய வண்டிகள் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஒரு கடையில் இரண்டு அம்பாசடர் மட்கார்டுகள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுவரோரம் சாத்தியிருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து மாமா போன் செய்தார். "காயலாங்கடைச் சாமான்ல பொண்ண வச்சு இழுத்துட்டு வரப் போறியாமே? அவளும் பழசு, வண்டியும் பழசு, பொருத்தம்தான்" என்றார்.

வந்த ஆத்திரத்தில் போனை அணைத்துவிட்டு, இரண்டையும் செருகியபடியே தூக்கி வண்டியில் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊர் வந்து சேருகிறவரைக்கும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

பட்டறையில் வெள்ளையை இடது பக்கம் வைத்தேன், அம்சமாக உட்கார்ந்தது. சிவப்பை வலது பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிவளைவு காருக்குள் திரும்பி நின்றது. திருப்பிப் பிடித்தேன், ஹெட்லைட் ஓட்டை ரோட்டுக்கு முதுகு காட்டியது. அட சனியனே! இரண்டும் இடது பக்கம். ஒன்றுக்குள் ஒன்று அவ்வளவு இழைந்து உட்கார்ந்திருந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். இடதும் வலதும் அப்படிச் செருகி நிற்கவே நிற்காது, இது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிகிற விஷயம். தலையில் அடித்துக்கொண்டேன்.

வலது மட்கார்டு தேடி அலைந்தேன். நம் ரோட்டில் எதிரே வருகிறவன் இடிப்பதெல்லாம் வலது பக்கத்தைத்தான். காயலாங்கடையில் நல்ல இடது எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், நல்ல வலது குதிரைக் கொம்பு. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சிவப்பு மட்கார்டை உட்பக்கம் வெளிப்பக்கமாகத் தட்டித் திருப்பிவிடலாம் என்று இறங்கினேன். கோபத்தில் தட்டிய தட்டில் விளிம்பு கிழிந்தது. சுத்தியலை வீசி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தங்கச்சி ஸ்கூட்டியில் சாப்பாடு கொண்டுவந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவசரத்துல வெட்டுனா ரவிக்கைல ரெண்டு கையும் ஒரே பக்கமா விழுந்துரும்ணே. எல்லா டெய்லரும் ஒரு தடவையாச்சும் அழுதுருப்பாங்க. பேப்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"நல்லா இருக்குற வெள்ளைக்கு அளவெடுப்போம். பேப்பரத் திருப்பிப் போட்டு வெட்டுனா மத்தப் பக்கம்."

"ஏ புள்ள, இது துணியில்ல, தகரம். இது உருண்டு நெளிஞ்சு கெடக்குது."

"நெஞ்சுப் பக்கம் மட்டும் தட்டையாவா இருக்கு? அங்கங்க மடிச்சு டாட்டுப் பிடிச்சுத்தான தைக்கிறோம். நீ பேசாம இரு."

பட்டறையில் கிடந்த சிமென்ட் பை காகிதத்தை வெள்ளை மட்கார்டின் மேல் ஒட்டி, எங்கெல்லாம் காகிதம் சுருங்கி எழும்பியதோ அங்கெல்லாம் மடித்துக் கோடு போட்டாள். பிறகு அந்தக் கோடுகளில் வெட்டித் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டாள். சிவப்பு மட்கார்டை நான் அந்தத் துண்டுகளின்படி அறுத்தேன். ஒவ்வொன்றையும் மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் மெல்ல மெல்லக் குழி எடுத்து, வெள்ளையில் இருந்த வளைவை எதிர்ப்பக்கமாகக் கொண்டுவந்தேன். புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து, நெளிந்துவிடாமல் ஈரத் துணியால் ஆற்றி, மறுபடி ஒரு புள்ளி. அவசரப்பட்டால் போச்சு. இரண்டு முறை பிசகி, பிரித்து மறுபடி வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் செய்ததில்லை, என் மனைவி இதற்குச் சாட்சி. கடைசியில் வலது பக்கம் தூக்கி வைத்து போல்ட்டை முடுக்கினேன். ஹெட்லைட் ஓட்டை நேராக ரோட்டைப் பார்த்தது. தங்கச்சி இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டு, "கை சரியா ஏறிருச்சு" என்றாள்.

கல்யாணத்தன்று மாமா வரவில்லை. தாய்மாமன் இல்லாமலே கோயிலில் தாலி ஏறியது. அம்மாவும் கோயிலுக்கு வரவில்லை. சமையலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். அப்பா போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவள் முன்னால் வந்து நின்று நான் பார்த்ததில்லை. யாரும் போகாதே என்று சொல்வதில்லை, அவளாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பொண்ணையும் மாப்பிள்ளையையும் பின்சீட்டில் ஏற்றி, மேளம் முன்னால் போக, நான் வண்டியை உருட்டினேன். மெரூன் பெயிண்டில் வண்டி மினுமினுத்தது. தெருவில் சில கதவுகள் சாத்தியே கிடந்தன. ஆனால் பெண்கள் மாடியில் ஏறி நின்று பார்த்தார்கள், பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள், ஆனால் அது மாமா சொன்ன சிரிப்பு இல்லை. மாப்பிள்ளை கூச்சத்தோடு எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்காமார்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்.

தங்கச்சி இறங்கவில்லை. "ஆத்தா எங்க?" என்றாள்.

"உள்ள இருக்கு. நீ இறங்கு, ஆரத்தி எடுக்கட்டும்" என்றேன்.

"ஆத்தா வந்தாத்தான் இறங்குவேன்."

மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் எதுக்குடா அங்க? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். எனக்கு வழக்கமாக வருகிற கோபம் வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும் தங்கச்சி பின்கதவைத் திறந்துவிட்டு மாப்பிள்ளையை நெருக்கித் தள்ளினாள்.

"ஏறு ஆத்தா. இன்னொரு சுத்துப் போவோம்."

"ஏண்டி, ஒனக்குக் கூறு இருக்கா? தாலி கட்டுன அன்னைக்கி நானா..."

"என்னையும் இப்புடித்தான் சொன்னாங்க. நான் ஏறல? ஏறு."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள். சீட்டு நுனியில், எந்நேரமும் இறங்கிவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். மேளம் மறுபடி தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெரு முக்கு வந்தது. நேராகப் போனால் கோயில். நான் நேராகவே விட்டேன்.

அம்மா என் தோளில் தட்டினாள்.

"நேரா எங்கடா போற? அங்கிட்டுத் திருப்பு, என் தம்பி வீட்டுத் தெருவுக்குள்ள. மெதுவாப் போ."