மரப்பிடித் துப்பாக்கி

நாங்கள் குடியேறிய பிளாட் புஷ் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞனுக்கு வால்நட் மரப்பிடி வைத்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் பிடியைக் கண்டால் முகம் சுளிப்பான். விற்பனைப் பட்டியலின் படத்தில் தெரியும் மரவரிகளைக்கூடக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான்.

அவன் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, வீட்டாரை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அவனுடைய அம்மாவுக்காக நான் மொழிபெயர்த்தேன். மகனிடம் துப்பாக்கி இருப்பதில் அவருக்குச் சம்மதமா என்பது கேள்வி.

"பிள்ளையில குறை இல்லை, தம்பி. ஆனா வீட்டுக்குள்ள துவக்கு இருந்தா எனக்கு நித்திரை வராது. மன்னாரில சண்டை நேரம் கேட்ட வெடிச்சத்தமே காணும், இனி வேண்டாம்."

இதைச் சொன்னால் உரிமம் கிடைப்பது கடினம். நான் தயங்கினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மகன், எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவன், அன்று தமிழில் பேசினான்.

"அம்மா சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ, அங்கிள்."

சொன்னேன். அவன் கட்டைவிரல் நாற்காலியின் மரக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.