என் கை அளவுக்குச் செய்த காம்புகள்

மண்வெட்டிக்குக் காம்பு செய்கிறவனைப் பாராட்ட யாரும் தேடி வருவதில்லை. உள்ளங்கை கொப்பளித்த பிறகுதான் தேடுவார்கள். வாடிக்கையாளர் எதிரில் தலை குனிந்து நின்ற எல்லோருக்கும் இது புரியும்.

அளவு பிறந்த விதம்

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் பட்டறை தொடங்கியபோது ஒரு கடைசல் மிஷின், மூன்று ஆட்கள். காம்பு எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி ஒரு கருவேலங் கட்டையை என்னிடம் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஐந்தாம் முறை கடைந்தபோது என் கைக்குச் சரியாக உட்கார்ந்தது. ஒன்றரை அங்குலம். அந்த அளவுக்குத் தகட்டில் ஒரு வளையம் வெட்டிக்கொண்டேன். அதற்குள் நுழையாததும், நுழைந்து ஆடுவதும் அடுப்புக்குப் போகும். இருபத்தாறு வருடமாக அதுதான் சட்டம். முதலாளி அன்று சொன்னார்: "உன் கைக்கு ஒத்துக்கிச்சின்னா ஊருக்கே ஒத்துக்கும், போப்பா."

திரும்பி வந்த நாற்பத்தொன்று

இப்போது இரண்டு மிஷின், ஏழு பேர். காம்புகளில் பாதி குமராட்சியில் ஒரே கடைக்குப் போகிறது. போன வருடம் நடவுக்கு முன் அனுப்பிய அறுபதில் நாற்பத்தொன்று திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் வளையத்தில் விட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் சரி. அந்தக் கடை கைவிட்டால் ஒரு மிஷினை நிறுத்தி, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரருக்குப் போன் செய்து, அளவில் குறை இல்லை என்றேன்.

"வளையமா வந்து வாய்க்கா வெட்டப் போவுது பெரியவரே? வெட்டுறது பொம்பளைங்க. கையில நிக்கலன்றாங்க. ஒரு மாசம் பாப்பேன், அப்புறம் வேற ஆளு."

களிமண்

மறுநாள் குமராட்சிக்குப் போனேன். வாய்க்காலில் தூர் வாரிய பதினான்கு பேரும் பெண்கள். நான்கு பேர் எங்கள் காம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி மெலிய வைத்திருந்தார்கள். கையைக் காட்டச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அளக்கக் கொண்டுபோன நூலோடு கரையில் அரை மணி நேரம் நின்றேன்.

செவ்வந்தி என்பவர் மேலே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் ஈரக் களிமண்ணை அள்ளி, மண்வெட்டி பிடிப்பதுபோலப் பிடித்து, ஒரு பூவரச இலையில் வைத்து நீட்டினார். வாய்க்காலே சிரித்தது.

"இந்தாங்க மாமா, எங் கையப் புடிக்க வேணாம், இதப் புடிச்சிகிட்டு போங்க."

மினிபஸ்

களிமண் காய்ந்தால் சுருங்கும். அதனால் பஸ்ஸில் உட்கார்ந்தவுடனே அளந்தேன். ஒன்றேகால் அங்குலம். மூன்று முறை அளந்தும் அதேதான். இத்தனை வருடமும் இவர்கள் கையில் கால் அங்குலம் கூடுதலாகத் திணித்திருக்கிறேன். இலையை மடியில் வைத்துக்கொண்டேன். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"புள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் நாள் இருக்கே பெருசு, அதுக்குள்ள கொழுக்கட்டையா?"

ஒன்றேகால் அங்குலத்துக்குப் புது வளையம் வெட்டி அனுப்பிய நூறு காம்பும் இருபது நாளில் விற்று, இன்று மிஷின் இரண்டும் ஓடுகின்றன. அந்த நூறில் முப்பத்தெட்டை வாங்கியவர்கள் ஆண்கள் என்றும், முப்பத்தெட்டு பேரும் அதை வீட்டுக்காரிக்கு என்றே சொல்லி வாங்கினார்கள் என்றும் கடைக்காரர் சொல்கிறார்.