அம்மாவுக்குக் கட்டிய சேலைகள்

என் வேலையைப் பற்றி ஆலங்குடியில் யாரிடம் சொன்னாலும் "பொம்மைக்குத் துணி கட்டுற வேலையா?" என்றுதான் கேட்பார்கள். கிட்டத்தட்ட அதுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய புதுக்கோட்டைத் தெரு ஒன்றை, வி.ஆர். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தே பார்க்கிற மாதிரி ஒரு சென்னைக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் வருகிறவர்களின் உடுப்பையெல்லாம் கணினியில் உருவாக்கி உடுத்திவிடுவது என் பொறுப்பு. எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து செய்தேன்.

கம்பெனி கொடுத்த பெண் உருவங்களுக்கு ஆறடி உயரம், இடுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மடிப்பை முதுகுப்பக்கம் செருகிப் பின்கொசுவம் வைத்துக் கட்டினால் சேலை சறுக்கிக் காலடியில் விழுந்தது. எரிச்சலில் அம்மாவைக் கூப்பிட்டு, கையை விரித்து நிற்கவைத்து, போனால் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, அவள் உடம்பையே கணினிக்குள் ஏற்றிவிட்டேன். சேலை சமர்த்தாக உட்கார்ந்தது. முகங்களைச் சென்னையில் பிறகு மாற்றிக்கொள்வார்கள். அதுவரை பூக்காரி, மோர்க்காரி, கல்யாணப் பெண் எல்லாருக்கும் அம்மாவின் முகம்தான். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அது அம்மா என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் எந்த நேரமும் எதுவும் ஆகலாம் என்றார் திருச்சி டாக்டர். அப்பா மசியவில்லை. தோப்பில் பாம்பைக் கையால் பிடித்துத் தூக்கிப் போடுகிற மனுஷர், நெஞ்சைப் பிளப்பார்கள் என்றதும் வெலவெலத்துப் போனார். "கத்தி வச்சா நான் திரும்பி வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அம்மா அழுதாள், நேர்ந்துகொண்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். நான் வீடு அதிரக் கத்தினேன். ம்ஹூம்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா தானாகவே மெதுவாக மாடியேறி வந்தார்.

"என்னத்தா பண்ற? எனக்குங் கொஞ்சம் காட்டேன்."

கொஞ்சம் சிரிக்கட்டும், அப்புறம் ஆபரேஷன் பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். அவர் பார்ப்பது திரையில் எனக்கும் தெரிந்தது.

"அடியாத்தீ! இங்கிட்டுப் பூ விக்கிறதும் ஒங்கம்மா, அங்கிட்டு மோர் விக்கிறதும் ஒங்கம்மா! ஒருத்தியவே சமாளிக்க முடியல, தெரு பூராவும் நிப்பாட்டி வச்சிருக்கியே!"

அப்பா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தபடியே அவர் தெருமுனைக் கிணற்றுப் பக்கம் திரும்பினார். சிரிப்பு பட்டென்று நின்றது.

திரையைப் பார்த்தேன். கிணற்றடியில் அம்மா. உடம்பில் வெள்ளைச் சேலை, ரவிக்கை இல்லை. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை, மூக்குத்தி இல்லாத மூக்கு. அந்தக் காலத்துத் தெரு என்றால் ஒரு கைம்பெண்ணும் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். நான்தான் கட்டிவிட்டேன். வெள்ளைத் துணியில் மடிப்பு அழகாக விழுகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டது வேறு. பாவி, என் அம்மாவின் தாலியை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். அதையும் இந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இனி இவர் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்?

"கழட்டிருங்கப்பா" என்று ஹெட்செட்டைப் பிடித்து இழுத்தேன்.

"இரு." என் கையைத் தட்டிவிட்டார்.

கிணற்றை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். கை பீரோவில் இடித்தது. அப்படியே நின்றார். இங்கேயே இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று, விழுந்தால் பிடித்துக்கொள்ள அவர் பின்னால் போய் நின்றேன்.

பிறகு அவரே கழற்றினார். "அது வெறும் பொம்மைப்பா" என்றேன். காதில் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார், நானும் பின்னாலேயே இறங்கினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" அம்மா பதறி எழுந்தாள். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

"டாக்டருக்குப் போன் போடச் சொல்லு. கத்தி வைக்கிறதுன்னா வைக்கட்டும். நாளைக்கே போவோம்."

கேட்டது நிஜம்தானா என்று எனக்கே புரியவில்லை. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்படி என்னத்தத்தா காட்டுன அவுகளுக்கு? எனக்கும் காட்டு!"

அப்பா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. நான் மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே படியில் அம்மாவின் மெட்டிச் சத்தம் ஏறி வந்தது. கிணற்றடிப் பெண்ணைத் தேடிப் பிடித்து அழித்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கேட்டது கணினி. வாய்க்கு வந்தபடி அதைத் திட்டினேன்.

அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டுச் சேலையா! அம்புட்டையும் எனக்கே கட்டிவிட்டிருக்கியேத்தா!"

மூச்சு வாங்க மேலே வந்துவிட்டிருந்த அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டிக்க" என்றார். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் கட்டிக்க."