கறுப்பியின் ஏழு தையல்

கூக்கால் மலைக்கிராமத்தில் பூண்டு பயிரிடும் பாண்டியம்மாளுக்கு வீட்டில் ஒரே துணை, கறுப்பி என்ற நாய். கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்து அதன் வயிற்றில் ஏழு தையல். மருத்துவர் தந்த களிம்பை நம்பாமல், மண்வெட்டி பட்டால் தனக்குப் போடுவதுபோல், மூன்றாம் நாள் மலைப்பூண்டை அரைத்து அப்பினாள். எரிச்சல் தாளாமல் நாய் நக்கி நக்கி, ஐந்தாம் நாள் நண்பகலுக்குள் நான்கு தையல் பிரிந்து சீழ் வைத்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து இருளப்பன் வந்தார். "என்ன மதினி, நாயை ஊறுகா போட்டுட்டீங்களா?"

"கேலி பேசாதீங்க. வெரசா கொடைக்கானல் கொண்டு போகணும்."

குனிந்து பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. "மத்தியான பஸ் போயிருச்சு. இனி நாளைக்கு வெள்ளனேதான். அதுவரைக்கும் தாங்காது மதினி."

பாண்டியம்மாள் வெந்நீரில் துணி நனைத்துப் புண்ணைத் துடைக்கப் போனாள். பூண்டு வாடை போகாத அவள் கையைக் கறுப்பி முகர்ந்தது. உடம்பை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.